தங்கச்சி கையெழுத்தும் காத்தம நாச்சியார் வழக்கும்

2020 ஆகஸ்டில், கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த நாட்களில், ஒரு நாள் காலை என் தங்கை போன் செய்தாள். வழக்கமாகச் சாயங்காலம்தான் பேசுவாள்.

"அண்ணே, பேப்பர் பாத்தீகளா? பொம்பளப் புள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிட்டாகளாமே. அப்பா உசுரோட இருக்கணும்னுகூட அவசியம் இல்லையாமே. அப்ப எனக்கும் உண்டா?"

முப்பது வருடத்துக்கு மேல் பதிவுத்துறையில் வேலை பார்த்தவன் நான். ஊரில் யார் வீட்டில் பாகப்பிரிவினை என்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பத்திரம் எழுதப் போவார்கள். அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பாத்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை. பதில் எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை. எங்கள் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு வாரிசு வழக்கு என்பது ரத்தத்தில் ஊறியது. சொத்து வழக்குக்கு நாடெங்கும் சட்டப் புத்தகங்களில் மேற்கோள் காட்டப்படும் ஊர் நம்முடையது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

1801இல் கும்பினியார் சிவகங்கை ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்குக் கொடுத்தார்கள். அவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். மனைவிமார் இருந்தார்கள், மகள்கள் இருந்தார்கள். ஆனால் ஜமீன் அவருடைய அண்ணன் மகன் கைக்குப் போயிற்று. குடும்பம் பாகம் பிரியாதது, ஆகவே பங்காளிக்குத்தான் சொத்து என்பது அவர்கள் கட்சி. ஜமீன் அவருக்குத் தனியாகக் கிடைத்த சுயார்ஜிதம், ஆகவே மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான் வரவேண்டும் என்பது பெண்கள் கட்சி. விதவை நடத்திய வழக்கை அவருக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் எடுத்து நடத்தினார். ஜில்லா கோர்ட், சென்னை சதர் கோர்ட் எல்லாம் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1863இல் நாச்சியார் ஜெயித்தார். குடும்பம் பிரியாமல் இருந்தாலும், ஒருவர் தனியாகச் சம்பாதித்தது அவருடைய தனிச்சொத்து, அது மனைவி மகள் என்ற வரிசையில்தான் இறங்கும் என்று தீர்ப்பு. தகப்பன் செத்து 34 வருடம். யோசித்துப் பாருங்கள், ராணிக்கே 34 வருடம்!

ஜெயித்தும் முழு உரிமை வந்துவிடவில்லை. அக்காலத்தில் பெண்ணுக்கு இறங்கிய சொத்து ஆயுசு உள்ளவரை அனுபவிக்கத்தான். அவள் கண்ணை மூடினால் அவளுடைய வாரிசுக்குப் போகாது, அவள் தகப்பனுடைய அடுத்த வாரிசு யாரோ அவருக்குப் போகும். அதனால் நாச்சியாருக்குப் பிறகு அதே ஜமீனுக்காக மறுபடி ஒரு வழக்கு லண்டன் போயிற்று.

அந்தக் காலத்தில் ஏன் ஒரு உயில் எழுதி வைக்கவில்லை என்று கேட்கலாம். உயில் என்ற சொல்லே நம்முடையது அல்ல. ஆங்கிலேயரின் 'வில்' தான் நம் வாயில் உயில் ஆயிற்று. மிதாட்சரப்படி மகன் பிறக்கும்போதே பங்கோடு பிறக்கிறான், பங்காளி ஒருவன் செத்தால் அவன் பங்கு மற்றப் பங்காளிகளோடு சேர்ந்துவிடும். இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது? சென்னை ராஜதானியில் 1829ஆம் வருட ரெகுலேஷன் ஒன்று, இந்து சாஸ்திரத்துக்கு ஒத்துவந்தால் மட்டுமே இந்துக்களின் உயில் செல்லும் என்று சொன்னது. 1856இல்தான் சென்னைப் பக்கத்து வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில் உயிலை ஒப்புக்கொண்டது. 1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்து, சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் எழுத்து, கையெழுத்து, இரண்டு சாட்சி என்ற கட்டுப்பாடுகள் வந்தன. நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு 1927 ஜனவரி 1 வரைக்கும் வாய்ச்சொல் உயிலே செல்லும். கட்டிலில் கிடந்தபடி நாலு பேர் முன்னால் சொன்னால் போதும். அதற்குப் பிறகு எழுதினால்தான் உயில்.

இந்த 1927 விஷயம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. என் தாத்தாவின் அண்ணன் சம்சாரத்தை நாங்கள் பெரியப்பத்தா என்போம். பிள்ளை இல்லை. 1944இல் புருஷன் போய்விட்டார். சாகிறபோது "கிணத்தடி வயல இவளுக்கு விட்டுருங்கடா" என்று சொன்னாராம். பெரியப்பத்தா எங்களிடம் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. வாய்ச்சொல் காலம் முடிந்து 17 வருடம். எழுதியே வைத்திருந்தாலும் செல்லாது. பாகம் பிரியாத பங்காளி தன் பங்கை உயிலில் எழுதும் உரிமை 1956 சட்டத்தில்தான் வந்தது. விதவைக்குப் புருஷன் பங்கில் உரிமை தருகிற சட்டம் 1937இலேயே வந்திருந்தது. அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல். பெரியப்பத்தா மூன்று வருடத்தில் தவறவிட்டாள். வருடத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று தாத்தா அளந்து போட்டார். அளக்கும்போது அவள் மரக்காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வை சின்ன வயதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

1956 ஜூன் 17இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதற்காக அம்பேத்கர் பட்ட பாட்டையும், 1951இல் மந்திரி பதவியை விட்டு விலகியதையும் படித்திருப்பீர்கள். பெண் கையில் இருக்கும் சொத்து முழுக்க அவளுக்கே சொந்தம் என்றும், உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச்சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமம் என்றும் அது சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களுக்கு மட்டும் என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அது எப்படி வேலை செய்யும் என்று எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். அப்பா 1986இல் உயில் எழுதாமல் போனார். பூர்வீக நஞ்சை 3 ஏக்கர், அதாவது 300 சென்ட், பிறகு வீடு. பிள்ளைகள் மூவர்: அண்ணன், நான், 1981இல் கட்டிக்கொடுத்த தங்கை. அப்பா சாவதற்கு முந்தின நிமிஷம் பாகம் பிரித்ததாகக் கற்பனை செய்யச் சொல்கிறது சட்டம். அப்பா, அண்ணன், நான் ஆளுக்கு 100 சென்ட். அப்பாவின் 100 சென்ட் மட்டும் அம்மா, அண்ணன், நான், தங்கை என்று நாலாகும். தங்கைக்கு 25 சென்ட், 12இல் ஒரு பங்கு. வீட்டிலும் 12இல் ஒன்று, ஆனால் அண்ணன் தம்பிகள் பிரிக்க ஒப்புக்கொள்ளும்வரை வீட்டைப் பிரிக்கச் சொல்லி அவள் கேட்க முடியாது. இந்த விதி 2005 வரை இருந்தது.

அந்த 25 சென்ட்டையும் 1987 தை மாதம் நான் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டேன்.

அப்போது அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் வழக்கம் அதுதான். நகை போட்டோம், சீர் செய்தோம், பிள்ளை பிறந்தபோது செய்தோம். "அக்கா தங்கச்சி கையெழுத்து வாங்கியாச்சா?" என்பதுதான் பட்டா மாற்றப் போனால் முதல் கேள்வி. கையெழுத்துப் போடாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தங்கை காலை பஸ்ஸில் வந்தாள், அம்மாவும் அவளும் பெருவிரல் ரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மத்தியானம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம். பத்திரத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. எட்டாவது படித்தவள், படிக்கக் கொடுத்திருந்தால் படித்திருப்பாள். எழுத்தர் எழுதினார், வாசகம் சொன்னது நான்.

இரண்டு வருடத்தில் சட்டம் மாறிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து 1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது. மார்ச் 25 முதல் மகளும் பிறப்பாலேயே பங்காளி. டெல்லி இதைச் செய்ய 2005 செப்டம்பர் 9 வரை ஆயிற்று. நாம் 16 வருடம் முந்தி. ஆனால் நம் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு இது பொருந்தாது. அந்த வரியில் எத்தனை லட்சம் பெண்கள் வெளியே நின்றார்கள் என்று ஆபீஸில் இருந்தவனுக்குத் தெரியும். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம். அக்காவுக்குக் கல்யாணம் மாசியில் நடந்திருக்கும், தங்கைக்கு வைகாசியில்.

2005 திருத்தம் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தை எடுத்தது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் அதற்குப் பிறகும் 15 வருடம் ஓடியது. அதைத்தான் 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்து வைத்தார்கள். தங்கை பேப்பரில் பார்த்தது அது. இன்றைய சட்டப்படி எங்கள் நிலத்தைப் பிரித்தால் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பங்கு, அப்பாவின் பங்கு மறுபடி நாலு. தங்கைக்கு 93¾ சென்ட் வரும்.

ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவாகி முடிந்துபோன பாகங்களை அந்தச் சட்டம் தொடாது. எங்களுடையது முத்திரைத்தாளில் எழுதிப் பதிவாகி நம்பர் விழுந்தது. நான் செய்த வேலை, ஓட்டை இல்லாமல் செய்திருந்தேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றபின் சில வருடம் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராகப் போய் உட்கார்ந்தேன். இலவச சட்ட உதவி என்றால் பரம ஏழைக்கு மட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்கவே மாட்டார்கள். அந்தச் சட்டம் இயற்றப்பட்டது 1987இல், தங்கை கையெழுத்துப் போட்ட அதே வருடம். நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9இல். வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகப் போனால் முன்பு கட்டியிருந்த கட்டணமும் திரும்பி வரும், அதற்கு மேல் அப்பீலும் கிடையாது. பாகவழக்கு என்றால் முதல்நிலைத் தீர்ப்பாணை ஒன்று, பிறகு கமிஷனர் வந்து அளப்பது, பிறகு இறுதித் தீர்ப்பாணை என்று ஒரு தலைமுறை போய்விடும். வழக்குப் போட்டவர் இறந்து அவர் வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு, அவரும் இறந்து இன்னொரு மனு. அதற்கு இது எவ்வளவோ மேல்.

அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் உயில் தகராறு. ஒரு குடும்பம் நினைவிருக்கிறது. பெரியவர் 2001இல் மூத்த மகனுக்கு உயில் எழுதி ரிஜிஸ்தர் செய்திருந்தார். 2008இல் வெள்ளைத்தாளில் இன்னொன்று, இரண்டு மகள்களுக்கும் சேர்த்து. "என்னுது ரிஜிஸ்தர் ஆனது சார், அவளுக காட்டுறது வெறும் பேப்பரு" என்றார் மகன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு! ஆனால் மகள்கள் பாடும் சுலபமாக இல்லை. சாட்சி போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மிச்சமிருந்த வாத்தியார் மதுரையில் மகன் வீட்டில் இருந்தார், வந்து சொன்னால்தான் உயில் நிற்கும். அவர் வந்தார். மக்கள் நீதிமன்றத்திலேயே முடிந்தது.

சந்தேகமான உயில் என்றால் 1958இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன வெங்கடாசல ஐயங்கார் வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்து வைப்பார்கள். உயிலைக் கொண்டுவருகிறவர்தான் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் போட்டவர் கடைசியில் ரேகை வைத்திருந்தாலோ, உயிலில் லாபம் அடைகிறவரே எழுத்தரைக் கூட்டி வந்திருந்தாலோ கோர்ட் உற்றுப் பார்க்கும். என்னைப் போன்ற கிழங்கள் எழுதுவதாக இருந்தால், நம்மைவிட வயது குறைந்த, நமக்குப் பிறகும் இருக்கக்கூடிய சாட்சியாகப் பார்த்துப் போடச் சொல்வேன். சிநேகிதன் என்று எண்பது வயதுக்காரரைக் கூப்பிட வேண்டாம். பாங்கில் நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு என்பார்கள். பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் நாமினி, சொத்து வாரிசுகளுக்குத்தான். பதிவான உயிலும் வில்லங்கச் சான்றில் வராது. அது மூன்றாம் புத்தகம், எழுதினவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் கிடையாது. இதை நம்பித்தான் பலர் நிம்மதியாக எழுதுகிறார்கள். பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள் என்று உயிலுக்குப் பதில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிலை நாளைக்கே மாற்றலாம், செட்டில்மென்ட்டை அப்படி மாற்ற முடியாது. 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து செய்யலாம் என்றாலும், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் அது நிச்சயம்.

இத்தனை பேருக்கு இத்தனை சொன்னவன்தான், தங்கை போனுக்கு மூன்று நாள் பதில் சொல்லாமல் இருந்தேன்.

நாலாம் நாள் சொன்னேன். உனக்கு 25 சென்ட் இருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டாய், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று. அவள் கோபப்படவில்லை. "அந்தப் பத்திரத்த ஒரு தடவ படிக்கணும்ணே. ஒரு நகல் போட்டுக் குடுங்க" என்றாள்.

ஊரடங்கு தளர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். மச்சான் காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். 'மேற்படி பாத்தியதைக்காக ரொக்கம் ரூ.3,000 இன்று தேதியில் சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டு விட்டபடியால்' என்று எழுதியிருந்தது.

"இந்த மூவாயிரத்த யாருண்ணே வாங்குனா?"

எல்லா விடுதலைப் பத்திரத்திலும் இந்த வரி வரும், வாசகத்துக்காக எழுதுவது என்று சொல்ல வாய் எடுத்தேன். நான் சொல்லி எழுத வைத்த வரி. சொல்லவில்லை. "யாரும் வாங்கலம்மா" என்றேன்.

அண்ணன் அதற்கு முந்தின வருடம்தான் போயிருந்தார். அவர் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தேன். "சித்தப்பா, அது அப்பவே முடிஞ்ச கத" என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. என் பங்கு 150 சென்ட்டில், கண்மாய் மடையை ஒட்டிய 50 சென்ட்டைத் தங்கை பேருக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். என் வீட்டில் பத்து நாள் சரியான பேச்சுவார்த்தை இல்லை. மகனுக்கு மனசில்லை. மகள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாள்.

நான் வேலை பார்த்த ஆபீஸ்களைப் போலவே ஓர் ஆபீஸ், ஆனால் இப்போது கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம். பத்திரத்தைத் தங்கை கையில் கொடுத்து, படித்துவிட்டுப் போடு என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை, நாலு பக்கமும் படித்தாள்.

"பணம் வாங்குனதா எங்கயும் போடலையே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

பிறகுதான் பேனாவை வாங்கினாள்.